மூடினபடியே வந்தது

வெள்ளவத்தை
09.03.2025

அன்புள்ள சின்னம்மா,

இதை வாசிக்கிறீர்கள் என்றால் பெட்டியைத் திறந்துவிட்டீர்கள். நல்லது. அதற்காகத்தான் அனுப்பினேன்.

நான் சுகம். நீங்களும் சித்தப்பாவும் எப்படி? நெல்லியடியில் வெயில் தொடங்கியிருக்கும். இங்கே யன்னலைத் திறந்தால் உப்பு, மூடினால் புழுக்கம். வீட்டுக்காரர் இதைக் 'கடல் காட்சி' என்று சொல்லி வாடகை வாங்குகிறார்.

ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் சித்தப்பா ஸ்பீக்கரைப் போடுவார். சித்தப்பா கேட்டால் அப்பா கேட்டதுபோல. அப்பாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கொட்டாஞ்சேனையில் மட்டைப்பெட்டி அடிக்கும் அச்சகம். நான் பெட்டி வரைகிறேன். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்துவிட்டுப் பெட்டியா என்று அப்பா கேட்டார். பெட்டிதான். எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. ஒரு தட்டை மட்டை. மடித்தால் உள்ளே இடம் வந்துவிடுகிறது. இல்லாத இடம்.

இப்போது ஒரு வேலை தந்திருக்கிறார்கள். கொத்தமல்லிப் பானத்தூள் விற்கும் பாலேஸ்வரி அம்மாவுக்கு. கடைகளில் சிலர் அவருடைய பெட்டியைத் திறந்து இரண்டு பக்கற்றை உருவிக்கொண்டு, பழையபடி மூடி வைத்துவிட்டுப் போகிறார்கள். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்துவிட்டுப் பாலேஸ்வரி அம்மாவைத் திட்டுகிறார். ஆகவே ஒரு புதுப் பெட்டி. ஒருமுறை திறந்தால் திறந்தது தெரியவேண்டும். ஆனால் வீட்டில் திரும்பத் திரும்ப மூடக்கூடியதாகவும் இருக்கவேண்டும். பொலித்தீன் சுற்றக்கூடாது, ஸ்டிக்கர் கூடாது. ஒற்றை மட்டை.

ஒக்டோபருக்குள் பாலேஸ்வரி அம்மா ஓம் என்றால் நான் நிரந்தரம். இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் அப்பா பார்த்துவைத்திருக்கும் வங்கிக் கதிரை.

எங்கள் மேலாளர் ரொனி அண்ணாவின் விதி: ஒவ்வொரு பெட்டியையும் அச்சகத்துக்கு வெளியே ஒருவர் திறந்து பார்க்கவேண்டும். தபாலில் போய்த் தபாலில் வரவேண்டும். அந்த ஒருவர் நீங்கள். பெட்டியை மூடி, பதிலை உள்ளே வைத்து, திருப்பி அனுப்புங்கோ. என்ன நடந்தது என்று எழுதுங்கோ.

அன்புடன்,
மிதுனா


நெல்லியடி
19.03.2025

என் அன்புப் பெறாமகள் மிதுனாவுக்கு,

பிள்ளையார் கிருபையால் நானும் சித்தப்பாவும் நல்ல சுகம். ஒரு குறையுமில்லை. நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

பெட்டி பத்திரமாக வந்தது. திறந்தேன், வாசித்தேன், மூடினேன். ஒரு சிறு கீறல்கூட இல்லை. இதைச் செய்தது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று நினைக்கப் பெருமையாக இருக்கிறது. சித்தப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஏன் கொத்தமல்லி, நகையெல்லோ வைக்கலாம்" என்றார். கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. உன் அப்பாவிடம் மூச்சும் விடமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குச் சித்திரப் பாடத்தில் பூச்சாடி கீறக் கொடுத்தேன். பாதிப்பேர் பூவை மறந்துவிட்டார்கள். சாடி மட்டும் நாற்பது.

சமைக்கிறாயா, அல்லது காலி வீதிக் கொத்துரொட்டிதானா? பொய் எழுதாதே. மேல்வீட்டுக் காந்தியின் மகன் உன்னைக் கடையில் கண்டிருக்கிறான்.

அன்புடன்,
சின்னம்மா


வெள்ளவத்தை
02.04.2025

அன்புள்ள சின்னம்மா,

சுகம். உங்கள் சுகமறிந்து சந்தோசம். கொத்துரொட்டி பற்றிய குற்றச்சாட்டை ஏற்கிறேன்.

பெட்டி வந்தது. ரொனி அண்ணா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ், அவங்க இத தொறந்தாங்களா?"

"கடிதம் உள்ளுக்கதானே இருக்கு அண்ணா."

"அப்ப உங்க சின்னம்மாவுக்கு வெரல் இல்ல. காத்துதான்."

மூடியின் ஓரத்தில் ஒரு துளை வரிசை இருந்ததே. திறக்கும்போது அது கிழியவேண்டும். இங்கே எல்லோருக்கும் கிழிந்தது. உங்களுக்குக் கிழியவில்லை. 'ஒருத்தருக்கு ஏலும்னா ஊருக்கே ஏலும்' என்று சொல்லி ரொனி அண்ணா படத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டார். அந்தப் பெட்டி முடிந்தது.

சின்னம்மா, கிழிந்தால் நல்லது. கிழிந்தால் கிழிந்தது என்றே எழுதுங்கோ. நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

இது இரண்டாவது. முன்பக்கம் ஒரு கீற்று இருக்கிறது. அதை இழுத்து எடுத்தால்தான் பெட்டி திறக்கும். எடுத்த கீற்று எடுத்ததுதான். திரும்பப் போகாது. போகக்கூடாது.

கோட்டைக்குப் போகும் காலை ரெயிலில் நின்றபடி யோசித்தேன். மூடியதைத் திறப்பது சுலபம். திறந்ததை மூடுவதும் சுலபம். நடுவில் நடந்ததை மட்டும்…

கோட்டை வந்துவிட்டது.

மிதுனா


நெல்லியடி
27.04.2025

அன்புப் பெறாமகளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். உன் சுகத்துக்காகப் புது வருடத்தன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே. வருடப்பிறப்பு, பிறகு பள்ளிக்கூடக் கண்காட்சி. நேரம் போன இடம் தெரியவில்லை.

இரண்டாவது பெட்டியும் பத்திரமாக வந்தது. கீற்றும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பார். மிக உறுதியான பெட்டி. உன் மேலாளரிடம் நான் சொன்னதாகச் சொல்.

ஒன்று கேட்கவேண்டும். அந்தப் பெட்டியின் நீலம் என்ன நீலம்? கடையில் கேட்டால் என்ன பெயர் சொல்லவேண்டும்? சும்மாதான் கேட்கிறேன். வடிவான நீலம்.

கோதுமை மா எங்கே போகிறது என்று சித்தப்பா கேட்கிறார். ரொட்டியும் இல்லை, புட்டும் இல்லை, மா மட்டும் குறைகிறதாம். ஓய்வூதியம் எடுத்த ஆண்களைக் குசினிப் பக்கம் விடக்கூடாது.

அன்புடன்,
சின்னம்மா


வெள்ளவத்தை
10.05.2025

அன்புள்ள சின்னம்மா,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம். உடம்பு சுகம்.

நீலத்துக்குப் பெயர் இல்லை. அச்சகத்தில் நிறங்களுக்கு இலக்கம்தான். ஏன் கேட்டீர்கள்?

இரண்டாவது பெட்டியும் போய்விட்டது. இங்கே ஒட்டும் பகுதிச் சீனியம்மா இழுத்தார், கீற்று கையோடு வந்தது. காவலாளி இழுத்தார், வந்தது. தேநீர் கொண்டுவந்தவர் கேட்காமலே இழுத்தார், வந்தது. நெல்லியடியில் மட்டும் வரவில்லை. உங்கள் பெயர் இப்போது அச்சகம் முழுக்கத் தெரியும். 'காத்துக்கை சின்னம்மா.'

பாலேஸ்வரி அம்மா வந்திருந்தார். பெரிய கைப்பை, வெள்ளைச் சப்பாத்து, பருத்தித்துறைப் பேச்சு. பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"வடிவுதான் பிள்ளை. ஆனா உங்கட சின்னம்மா மாதிரி நாலுபேர் கடைக்குள்ள வந்தா நான் கொம்பனியை மூடிப்போட்டுக் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போகவேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்ச் சற்றுநேரம் நின்றேன். அப்பா நேற்றும் போனில் வங்கியைப் பற்றிக் கதைத்தார். கதிரையைத் துடைத்துவைத்துவிட்டார் போல.

இது மூன்றாவது. மூடியின் அடியில் புள்ளி புள்ளியாகப் பசை. திறந்தால் மட்டையின் நீலத் தோல் உரிந்து சாம்பல் தெரியும். உரிந்த தோல் திரும்ப வளராது.

உங்களுக்கு உரியவில்லை என்றால் எனக்கு இதற்குமேல் தெரியாது.

மிதுனா


நெல்லியடி
29.05.2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வாசித்து மனம் சரியில்லை. கழிவறையில் எல்லாம் நிற்காதே.

பெட்டியைப் பார். எங்காவது சாம்பல் தெரிகிறதா? புதுப்பெட்டி மாதிரி. நீ செய்யும் பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன், எங்கள் அதிபரின் முத்திரையும் வாங்கித் தருகிறேன். அந்த ரொனியிடம் காட்டு.

வேறு விசேடம் இல்லை. சாப்பிடு.

சின்னம்மா


வெள்ளவத்தை
08.06.2025

சின்னம்மா,

சுகம் விசாரிக்கப் பொறுமையில்லை. பிறகு விசாரிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் உங்கள் பெட்டியைப் பார்த்தோம். ரியூப்லைட் வெளிச்சம். ஒரு குறையும் தெரியவில்லை. ரொனி அண்ணா பகிடி விடாமல் இருந்தது இதுதான் முதல்முறை. பெட்டியை அறைக்குக் கொண்டுவந்து யன்னலருகே வைத்தேன். வேலையை விடும் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு படுத்தேன்.

இன்று காலை எறும்பு.

மேசைக் காலில் ஏறி, மேசையைக் கடந்து, பெட்டியில் ஏறி, மூடியின் விளிம்பில் மட்டும். நேர்கோடு. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல. கொத்தமல்லி மணத்துக்கு வந்தன என்று நினைத்தேன். அந்தப் பெட்டிக்குள் கொத்தமல்லி ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தது உங்கள் கடிதம். 'சாப்பிடு' என்று எழுதியிருந்தீர்கள். எறும்புக்கா?

எறும்பைத் தட்டிவிட்டு ஈர விரலை வைத்தேன். விரல் நீலமானது.

அச்சு மை ஈரத்துக்கு வராது.

பழைய இரண்டு பெட்டிகளும் கட்டிலுக்கு அடியில் இருந்தன. கீற்றின் நுனியில் நகத்தை வைத்தேன். மெதுவாக எழும்பியது. அடியில் காய்ந்த மா. முதல் பெட்டியின் துளை வரிசைக்குப் பின்னால் ஒரு மெல்லிய தாள், அவ்வளவு துப்புரவாக, அப்பியாசக் கொப்பியின் ஓரம் என்று நினைக்கிறேன்.

சின்னம்மா, ஒட்டினீர்களா? மூன்றையும்?

இன்னொன்று. நீங்கள் பூசிய நீலம் எங்கள் நீலம் இல்லை. கடல் வெளிச்சத்தில் பார்த்தால் பச்சைக்குக் கிட்ட. முப்பது வருடச் சித்திர ரீச்சர் நீங்கள். எப்படி?

மிதுனா


நெல்லியடி
15.06.2025

மிதுனாவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகம் விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன்.

ஒட்டினேன். ஒட்டாமல்? பிள்ளை இரவு பகலாகச் செய்து அனுப்பிய பெட்டியை நான் முதல் இழுவையிலேயே கிழித்துப்போட்டு, 'கிழிந்தது' என்று எழுதுவேனோ? முதல் பெட்டி கிழிந்த சத்தத்துக்குச் சித்தப்பா எழும்பி ஓடிவந்தார். "கனகம், என்ன செய்துபோட்டாய், அவளின்ர வேலை போகப்போகுது" என்றார். மா எங்கே போகிறது என்று கேட்ட அதே மனிதர், மூன்றாவது பெட்டிக்குத் தானே மா கரைத்தார். எறும்புக்குக் காரணமும் அவர்தான். பசை இறுகட்டும் என்று சீனி போட்டிருக்கிறார்.

கிழிந்தால் நல்லது என்று நீ எழுதினாயே என்று கேட்பாய். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். கலியாணம் முடித்த புதிதில் மாமியின் கண்ணாடிக் கோப்பையை உடைத்தேன். 'பரவாயில்லை பிள்ளை, உடையிறதுக்குத்தானே கோப்பை' என்றா. சாகும்வரைக்கும் அந்தக் கோப்பையைப் பற்றித்தான் கதைத்தா. நீயும் என்னைத் தேற்றுகிறாய் என்று நினைத்தேன். நீ மரியாதையான பிள்ளை, அதுதான் பிழை.

அதோடு நீ எழுதும் வசனங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. மிச்சத்தை என்னை யோசிக்க விடுகிறாய். யோசித்தேன். விளைவு இதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சித்தப்பா கொழும்பில் வேலைசெய்த காலம். சண்டையால் பாதை பூட்டு. அவருடைய கடிதம் மாதக்கணக்கில் அலைந்து வரும். யாரோ திறந்து, வாசித்து, திரும்ப ஒட்டியது கையில் எடுத்தாலே தெரியும். அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: கடிதம் பத்திரமாக வந்ததா? நான் எழுதுவேன்: மூடினபடியே வந்தது. வேறு எப்படி எழுத? திறந்து வந்தது என்று எழுதினால் அடுத்த கடிதத்தில் அந்த மனிதர் சுகச்செய்தியோடு நிறுத்திக்கொள்வார். எனக்கு மிச்சமும் வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நீயும் வயதுக்கு வந்த பிள்ளைதானே.

அந்தக் கை அப்படியே பழகிவிட்டது. எது வந்தாலும் பத்திரமாக வந்தது என்றுதான் எழுதும்.

வேலையை விடாதே. ரொனியிடம் உண்மையைச் சொல். நாங்கள் சுகம்.

சின்னம்மா


வெள்ளவத்தை
06.07.2025

அன்புள்ள சின்னம்மா,

சுகம். உண்மையான சுகம். சித்தப்பாவின் சீனிக்கு நன்றி சொல்லுங்கோ.

உங்கள் கடிதத்தின் பெட்டிப் பகுதியை மட்டும் ரொனி அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். (மற்றப் பகுதியை வாசிக்கவில்லை. பயப்படவேண்டாம்.) அவர் சிரித்த சிரிப்பில் சீனியம்மா மெசினை நிறுத்திவிட்டு வந்தார். மாவும் சீனியும் என்றதும் சீனியம்மாவுக்குப் புரையேறியது. பிறகு ரொனி அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மிஸ், சிரிச்சாச்சு. ஆனா யோசிங்க. கிழிஞ்சத அவங்க ஒட்டிட்டாங்க. நம்ம கண்ணுக்குத் தெரியல. எறும்புதான் கண்டுபிடிச்சிச்சு. கடைக்குக் கடை எறும்பு குடுக்க ஏலுமா?"

அவர் சொன்னது சரி. கிழிவது போதாது. கிழிந்ததை ஒட்ட முடியாமலும் இருக்கவேண்டும். நான் இவ்வளவு நாளும் திறக்கிறவரைப் பற்றி மட்டும் யோசித்தேன். திறந்துவிட்டு மறைக்கிற ஒருவரை யோசிக்கவில்லை. அன்பினால் மறைக்கிறவரைச் சுத்தமாக யோசிக்கவில்லை. கள்ளனுக்கு இவ்வளவு பொறுமை இருக்காது.

ஆகவே நாலாவது பெட்டி. இந்த முறை உங்களுக்காக முழு வசனத்தில் எழுதுகிறேன்:

இந்தப் பெட்டியின் மூடியில் ஒரு நாக்கு இருக்கிறது. அது ஒரு துளையால் உள்ளே போய், அதன் நுனி பெட்டியின் உட்சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் திறக்கும்போது நுனி முறிந்து உள்ளேயே நின்றுவிடும். மிஞ்சும் குட்டை நாக்கு பழைய துளைக்கு எட்டாது, அதற்கு மேலே உள்ள இரண்டாவது துளைக்குத்தான் எட்டும். அதில் எத்தனை தரமும் மூடலாம், ஆனால் மூடி ஒரு விரல் உயரத்தில் நிற்கும், பார்த்தவுடன் யாருக்கும் தெரியும். நுனியைத் திரும்ப ஒட்டவேண்டும் என்றால், மூடிய பெட்டிக்குள் இருந்துகொண்டுதான் ஒட்டவேண்டும்.

நீங்கள் இனி எங்கள் எதிரி. உங்களிடமுள்ள எல்லாப் பசையையும், எல்லாத் தூரிகையையும், சித்தப்பாவையும் பயன்படுத்தி இதைத் திறக்காத பெட்டிபோல ஆக்கப் பாருங்கோ. முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதுங்கோ. நான் துள்ளுவேன். இது மரியாதைக்குச் சொல்வதில்லை.

நீலத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் நீங்கள் பதில் எழுதவில்லை.

அன்புடன்,
மிதுனா


நெல்லியடி
20.07.2025

அன்புப் பெறாமகளுக்கு,

முடியவில்லை.

இப்படி எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதிவிட்டேன். உன் பெட்டி முறிந்துவிட்டது, குட்டை நாக்கோடு நிற்கிறது, நான் தோற்றுப்போனேன். துள்ளு.

தோற்ற கதையையும் கேள். முதலில் கொண்டைக்கிளிப்பை வளைத்து இரண்டாம் துளையால் விட்டேன். பிறகு ஈர்க்கில் பசை தொட்டு விட்டேன், அது உட்சுவரில் ஒட்டிக்கொண்டு இப்போதும் உள்ளேதான் இருக்கிறது, அசைத்தால் சத்தம் கேட்கும். அடியைப் பிரித்து உள்ளே போகலாம் என்று பார்த்தேன், அடி பிய்ந்து இன்னும் அலங்கோலம். சித்தப்பா டோர்ச் பிடித்துக்கொண்டு, "கனகம், நீ உள்ளுக்க போய்த்தான் ஒட்டவேணும்" என்றார். "மெலியச் சொல்லி டொக்டர் சொன்னது இதுக்குத்தானோ" என்றேன். சிரித்துச் சிரித்து டோர்ச்சைக் கீழே போட்டுவிட்டார். டோர்ச்சும் உடைந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இனி நீலம்.

இடது கண்ணில் பனிப்புகார் மூடினதுபோல இருக்கிறது. மாசி தொட்டு. வலதும் மெதுவாகத் தொடங்கியிருக்கிறது. சித்தப்பாவுக்கும் சொல்லாமல் இருந்தேன். போன கிழமை ஒரு பிள்ளை படம் கீறிக்கொண்டு வந்தது. 'வயல் நல்ல வடிவு' என்றேன். அது கடலாம். பக்கத்துப் பிள்ளை சொல்லித்தான் தெரியும். கீறின பிள்ளை திருத்தாமல் 'நன்றி ரீச்சர்' என்று போய்விட்டது. அதைக் கூப்பிட்டுச் சொன்னேன்: பிள்ளை, ரீச்சர் பிழை சொன்னால் பிழை என்று சொல்லவேணும். சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரியாகப் போய்விட்டது.

பிறகு வீட்டுக்கு வந்து சித்தப்பாவுக்குச் சொன்னேன். திட்டினார். மறுநாளே என்னைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். புரையாம். சின்னச் சத்திரசிகிச்சை, பயப்பட ஒன்றுமில்லை என்றார். கொழும்பில் செய்யலாமாம். உன் அறையில் ஒரு பாய் போட இடம் இருக்குமா? சித்தப்பா காந்தியின் மகன் வீட்டில் நிற்பார்.

நான் முழுச் சுகம் இல்லை. கண்ணைத் தவிர மிச்சமெல்லாம் சுகம்.

அன்புடன்,
சின்னம்மா


வெள்ளவத்தை
19.10.2025

அன்புள்ள சின்னம்மா,

கண் எப்படி? மருந்து விடுகிறீர்களா? தலை குனிந்து கூட்டவேண்டாம் என்று டொக்டர் சொன்னது நெல்லியடிக்கும் பொருந்தும். நான் சுகம். நீங்கள் போனபிறகு அறை பெரிதாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

நிரந்தரம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிற்போட்டால் நீங்கள் இடையில் வேறு ஏதாவது யோசிப்பீர்கள்.

அப்பாவுக்கு நானே போன் எடுத்தேன். இவ்வளவு நாளும் நிரந்தரமில்லாமல் இருந்தது, மறைத்தேன், இப்போது கிடைத்துவிட்டது என்றேன். மூச்சு விடாமல் ஒரே வசனம். அப்பா, "பெட்டிக்கு ஓய்வூதியம் இருக்கோ?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப சரி" என்றார்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

நீங்கள் இங்கே நின்றபோது பாலேஸ்வரி அம்மா சொன்னது நினைவிருக்கும். கொஞ்சம் அடித்து ஒரு கடையில் வைப்போம், ஆக்கள் என்ன செய்யினம் என்று பார்த்துவிட்டுத்தான் ஓம் சொல்லுவேன் என்று. காலி வீதிச் சுப்பர்மார்க்கெற் ஒன்றில் வைத்தார்கள். வேலை முடிந்து வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். பெட்டிகள் வரிசையாக நிற்கும். யாரும் திறக்கவில்லை. வாங்கினார்கள், போனார்கள். அது நல்ல செய்திதான், ஆனால் பாலேஸ்வரி அம்மாவுக்குப் போதவில்லை. "உங்கட பெட்டிக்குப் பயந்து திறக்கேல்லையோ, என்ர தூளை ஒருத்தருக்கும் பிடிக்கேல்லையோ, எனக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை?"

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரே வந்துவிட்டார். இரண்டு பேரும் பிஸ்கற் தட்டுக்கு முன்னால் நின்றோம். அவர் ஒரு கிறீம் பிஸ்கற் பக்கற்றைக் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டு, எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். துப்பறிகிறவர் மாதிரி. கடைப் பையன் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். "ஒன்டும் இல்லை மகன், நீ போ" என்று தமிழில் சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்போது ஒருவர் வந்தார். அலுவலக உடுப்பு, தடிமன் பிடித்த மூக்கு. எங்கள் பெட்டியை எடுத்தார். மணந்து பார்த்தார். மணம் வரவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். எங்களையும் பார்த்தார், பாலேஸ்வரி அம்மா பிஸ்கற்றுக்குள் முகத்தை விட்டார். அந்த மனிதர் மூடியில் பெருவிரலை வைத்துத் தள்ளினார்.

டக்.

அந்தக் கடையில் குளிரூட்டியின் இரைச்சல், காசாளரின் மெசின், வானொலி எல்லாம் இருந்தது. எனக்கு அந்த ஒரு சத்தம்தான் கேட்டது.

அவர் உடனே மூடப் பார்த்தார். நாக்கு எட்டவில்லை. மீண்டும் பார்த்தார். பிறகு இரண்டாவது துளையைக் கண்டு அதில் விட்டார், நன்றாகவே மூடியது. ஆனால் மூடி எழும்பி நின்றது. அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய்ப் பார்த்தார். மற்றப் பெட்டிகளுக்கு நடுவில் அது மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி, இவ்வளவு பேர் இருக்கப் பாலேஸ்வரி அம்மாவிடமே கேட்டார்:

"அக்கே, மேக்க கலிம்ம கெடிலத திபுணே?"

முதலே உடைந்துதான் இருந்ததோ என்று.

பாலேஸ்வரி அம்மா பிஸ்கற்றைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நே மல்லி. ஒயா தமய் கெடுவே."

இல்லைத் தம்பி, உடைத்தது நீதான். கோபமில்லாமல், ஒரு மருத்துவர் நோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்த மனிதர் "ஹரி, ஹரி அக்கே" (சரி, சரி அக்கா) என்று சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்துத் தன் கூடைக்குள் போட்டார்.

பாலேஸ்வரி அம்மா அவருக்குப் பின்னாலேயே காசாளர்வரை போனார். காசு கொடுக்கிறாரா என்று பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அங்கே போய் அவர் கையை நீட்டி நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார்: தண்ணீர் நன்றாகக் கொதிக்கவேண்டும், இரண்டு பக்கற்றை ஒன்றாகப் போடவேண்டும், தடிமனுக்குச் சீனி ஆகாது, மிச்சத்தை அதே பெட்டிக்குள் மூடி வைத்தால் நமுக்காது. அந்த மனிதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினார்.

திரும்பி வந்து என் தோளில் ஒரு அடி போட்டார். பெரிய கைப்பையால்.

"தீபாவளி முடிஞ்சதும் மெசினைத் தொடங்கச் சொல்லுங்கோ பிள்ளை."

அன்புடன்,
உங்கள் மிதுனா